வரதோலித் தெருவின் ஒரே முகவரி

போன வாரம் என் ஹோஸ்டிங் கம்பெனியின் சப்போர்ட்டிலிருந்து ஒரு சாட். "மேடம், உங்கள் அக்கவுன்ட்டில் ஒரு பழைய டொமைன் இருக்கிறது. வெப்சைட் இல்லை. பார்க்க வருகிறவர்களும் இல்லை. ரின்யூ செய்யாமல் விட்டுவிடலாமா?"

நல்ல பிள்ளை. மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது. பதில் போடாமல் காபி கலக்கப் போய்விட்டேன். ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன். இதில் நான் அசடு வழிந்த கதையும் வருகிறது... பரவாயில்லை, நீங்கள் நம்ம ஆட்கள்தானே.

பிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்த சமயம். அந்த நாட்டுக்கு அது நாலாவது புரட்சி. கல்யாணமாகித் தலைநகர் சுவாவுக்குப் போன நான், கடைகளுக்கு வெப்சைட் போட்டுக்கொடுக்கிற தொழிலில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தேன். (தன்னடக்கம் எனக்கு ஒத்துவராது என்று உங்களுக்குத் தெரியும்.) என் கஸ்டமர்களில் பாதிப்பேர் ஆக்லாந்துக்கோ பிரிஸ்பேனுக்கோ மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் எனக்கு வந்த வேலையெல்லாம் ஒரே வேலைதான் — கடையின் டொமைனை, அதாவது இணைய முகவரியை மாற்று, பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடு. ரீடைரக்ட் என்பார்கள்.

பா என்கிற ஊரில், வரதோலிப் பக்கம் கோவிந்தசாமி அண்ணனுக்கு ஹார்ட்வேர் கடை. கூட இருந்த தம்பி பங்கைப் பிரித்துக்கொண்டு நியூசிலாந்து போய்விட்டார். 'பிரதர்ஸ்' என்று இருந்த பெயரை இனி வைத்துக்கொண்டு என்ன செய்வது? புதுப் பெயர், புது டொமைன். பழசைத் தேடி வருகிறவன் புதுசுக்கு வந்து சேரவேண்டும், அவ்வளவுதான் என்றார் அண்ணன்.

பத்து நிமிஷ வேலை. முடித்தேன். அதோடு நிறுத்தினேனா? கையோடு அக்கவுன்ட்டைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன்.

பழைய டொமைனில் கேட்ச்-ஆல் போட்டிருந்தது. அதாவது, அட் குறிக்கு முன்னால் எந்தப் பெயரைப் போட்டு எழுதினாலும் மெயில் கடைக்கு வந்து விழும். பார்த்தால் சரோஜினி, லட்சுமணன், முனியம்மா-3 என்று இருபது பெயருக்கு மேல்! கடையில் இருப்பதோ அண்ணன், அண்ணி, இரண்டு ஆட்கள். இத்தனை பேர் எங்கே முளைத்தார்கள்? ஸ்பாம்தான், வேறென்ன. ஒரே கிளிக்கில் அணைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் ஒரு போன். கடையில் என் நம்பரை வாங்கிப் பேசியது சரோஜினி. ஆமாம், அந்த சரோஜினியேதான்.

நர்ஸ். புருஷனுடைய கரும்புக் காட்டுக் குத்தகை முடிந்துவிட்டது, புதுப்பிக்க வழியில்லை. இரண்டு குழந்தைகள். நியூசிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி, இன்டர்வியூ தேதியை மெயிலில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறது. கூட விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் வந்தாயிற்று. இவளுக்கு மட்டும் வரவில்லை. அங்கே தமிழர்களும் பெரும்பாலும் பேசுவது இந்திதான்; என் இந்தியும் அவள் தமிழும் சேர்ந்தால்தான் ஒரு முழு வாக்கியம் தேறும். அப்படியும் இவ்வளவும் புரிந்துவிட்டது.

கடை முகவரியை எதற்கம்மா கொடுத்தாய் என்று கத்தினேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது.

பிஜியில் தபால்காரர் வீட்டு வாசலுக்கு வருகிற வழக்கமில்லை. தபாலாபீஸில் பெட்டி வைத்திருக்க வேண்டும். பெட்டி இல்லாதவர்களுக்குக் கடைக்காரர் பெட்டிதான் விலாசம். அண்ணனுடைய பெட்டியில் பாதித் தெருவுக்குக் கடிதம் வரும். கடைக்கு ஈமெயில் வந்தபோது ஜனங்கள் அதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். முன்னால் தன் பெயர், பின்னால் கடைப் பெயர். யாரையும் கேட்கவில்லை. கடிதமும் வந்தது! அண்ணி அதைப் பிரிண்ட் எடுத்து, பேர் எழுதி, ஆணி டப்பாக்களுக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பாராம்.

அண்ணனுக்குப் போன் போட்டு, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "இதுல சொல்றதுக்கு இன்னா இருக்குது தங்கச்சி?" என்றார். நியாயம்தான்.

கேட்ச்-ஆலை அணைத்தால் மெயில் தொலைந்துபோகாது. 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை' என்ற குறிப்போடு அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். பிழைக்க வழி தேடி உலகம் முழுக்க எழுதிப் போட்டிருக்கிறார்கள் ஒரு தெரு ஜனங்கள். அப்படி ஆட்களே கிடையாது என்று ஆறு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்!

உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை நான். கேட்ச்-ஆலை மறுபடி போட்டேன். ஹோஸ்டிங் கம்பெனியிடம் சர்வர் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். திருப்பி அனுப்பிய ஒவ்வொரு கடிதமும் அதில் பதிவாகியிருக்கும். எழுதியவர்கள் எல்லோருக்கும் என் கையால் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அந்த ஆஸ்பத்திரியில், சரோஜினி தானாக விலகிக்கொண்டதாகவே குறித்துவிட்டார்கள். "சரோஜினி இருக்கிறார். அவர் பெயரை அணைத்த முட்டாள் நான். தண்டனை அவருக்கு வேண்டாம்" என்று எழுதிக் கீழே என் முழுப் பெயரையும் போட்டேன்.

மறுநாளே பதில் வந்தது. வியாழக்கிழமை காலை, போனிலேயே இன்டர்வியூ.

இந்த முறையாவது தனியாக ஒரு ஈமெயில் வைத்துக்கொள், இலவசம்தான், நானே போட்டுத் தருகிறேன் என்றேன். "வேணாம் தீதி," என்றாள். தீதி என்றால் அக்கா. "அதுல வந்தா எனக்கு யாரு வந்து சொல்லுவா?"

வியாழனன்று நானும் போனேன். மனசு கேட்கவில்லை. கடை போனில்தான் பேச்சு. அண்ணன் மரம் அறுக்கிற மெஷினை நிறுத்திவிட்டார். வாசலில் எப்போதும் நாலு பேர் யங்கோனா குடித்துக்கொண்டிருப்பார்கள் — வேரை இடித்துக் கரைக்கிற பானம். கிண்ணத்தை வாங்கும்போது கை தட்டுவது அங்கே மரியாதை. அன்றைக்கு ஒருத்தரும் தட்டவில்லை. ஓசைப்படாமல் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள்.

வேலை கிடைத்தது. அந்தக் கடிதமும் கடைக்குத்தான் வந்தது. அண்ணி தெருவில் நின்று கூப்பிட்டுக் கொடுத்தாராம்.

அப்புறம் லட்சுமணன் போனார். முனியம்மாக்களும் போனார்கள். கடைசியில் அண்ணனே பிரிஸ்பேன் கிளம்பினார். டொமைனை என் பேருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். இப்போது வரதோலித் தபால் எனக்கு வருகிறது. போன மாதம்கூட ஒன்று வந்தது. கூட நர்சிங் படித்த தோழி, இத்தனை வருஷம் கழித்து சரோஜினியைத் தேடி எழுதியிருந்தாள். அவளிடம் இருந்தது அந்தப் பழைய முகவரி மட்டும்தான். ஆக்லாந்துக்குத் திருப்பிவிட்டேன். ரீடைரக்ட் என்னிடம் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

காலியாகக் கிடக்கிற முகவரி என்று நாமாக முடிவு கட்டலாமா? தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டவேண்டும்.

காபியோடு திரும்பி வந்தேன். சாட்டில் அந்தப் பிள்ளை இன்னும் காத்திருந்தார். "மேடம், அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா?"

டைப் அடித்தேன்: "ஒரு தெருவே இருக்கிறது. கை வைக்காதீர்கள்."