இரண்டு பங்கர்கள்

திரையில் சைரன் ஊளையிட்டதும் அண்ணரின் கை சோளப்பொரிப் பெட்டிக்குள் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் சைரன் இல்லை. முதலில் நாய்கள் குரைக்கும், பிறகு குண்டுபோட வரும் விமானங்களால் வானம் இரையும். ஆனாலும் உடம்புக்கு எந்த ஊர்ச் சத்தமும் விளங்கிவிடுகிறது.

ஒஸ்லோவில் ஒரு குளிர்காலப் பகல் காட்சி. போர்க்காலத்து ஜெர்மன் குடும்பத்தின் கதை. மூத்த மகன் படையில். இளையவன் படையை விட்டு ஓடி ஒளிந்தவன். அண்ணரைக் கெஞ்சிக் கூட்டிவந்தது நான்தான். வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் ஒரு மருத்துவமனையில் எங்கள் தம்பி கடைசி நாட்களில் இருந்தான். அன்று பின்னேர ரயிலில் நான் புறப்படுகிறேன். என் கைபேசியில் இரண்டு பேருக்கான பயணச்சீட்டு. இளவயதில் அண்ணரும் தம்பியும் வேறு வேறு ஆயுத இயக்கங்களுக்குப் போனார்கள். பிறகு இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டன. இருவரும் உயிரோடு நோர்வே வந்து சேர்ந்தார்கள். ஒருவரோடொருவர் கதைப்பதுதான் இல்லை.

திரையில் அந்தக் குடும்பம் நிலவறைக்குள் இறங்கி ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு குந்தியது.

“எல்லாரும் ஒரே கிடங்குக்கை,” என்றார் அண்ணர், தனக்குள் சொல்வதாக நினைத்துச் சத்தமாக. “விசர்ச் சனம். ரெண்டு பேரையாவது அங்காலை அனுப்பியிருக்கலாம்.”

முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணை, மெல்ல. படம்தானே,” என்றேன்.

“ஓம், படம்தான். படத்திலையும் சாகத்தானே போகினம்.”

எங்கள் அம்மா அப்படித்தான் எங்களை இரண்டு பதுங்குகுழிகளுக்குப் பிரித்துவிடுவார். ஒரே குண்டில் முழு வீடும் அழிந்துபோகக் கூடாது. கிணற்றடிப் பங்கருக்குள் அம்மாவும் அண்ணரும். வேலியோரப் பங்கருக்குள் அப்பாவும் நானும் தம்பியும். இரைச்சல் ஓய்ந்ததும் அங்கிருந்து அண்ணர் கூப்பிடுவார்: “இருக்கிறியோ?” இங்கிருந்து தம்பி கத்துவான்: “இருக்கிறன்.” வாயைத் திறந்தால் மண் விழும். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் அம்மா வெளியே வருவார்.

படம் முடிந்தபோது அந்த ஜெர்மன் வீட்டில் ஒரு படிக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது, எங்கும் போகாத படிக்கட்டு. வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. பனி வழுக்காமல் உப்புத் தூவிய நடைபாதையில் அண்ணர் என் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் நோக்கி முன்னால் நடந்தார்.

“வாங்கோவன் அண்ணை. உங்களுக்கும் சீட்டு எடுத்திருக்கிறன்.”

“நாளைக்கு வேலை இருக்குப் பிள்ளை.”

கோடையோடு வேலையை விட்டவர் அவர். மேடையை அடைந்த பிறகு இன்னொரு முறை கேட்டேன்.

“அவன் சண்டை பிடிக்கப் போறேல்லை. கண் திறக்கிறதே அரிது.”

“திறந்து என்னைப் பார்த்தால்?”

ரயில் வந்து நின்றது. அண்ணர் பெட்டிக்குள் ஏறி, பையை மேல்தட்டில் வைத்து, அதன் வாரை ஒழுங்காக மடித்துவிட்டார். என் பக்கத்து வெற்று இருக்கையின் முதுகில் கை வைத்துச் சற்று நின்றார். பிறகு இறங்கிவிட்டார்.

நான் கதவடிக்கு ஓடிவந்தேன். மேடையில் நின்றவரின் தோளில் பனி விழுந்துகொண்டிருந்தது, அவர் தட்டிவிடவில்லை.

“அவனிட்டை என்ன சொல்ல, அண்ணை?”

“இருக்கிறியோ எண்டு கேள். நான் கேட்டதெண்டு சொல்லாதை. அவனுக்குத் தெரியும்.”