பால் பொங்கிய அடுப்பு

வீடு தேடி அலைந்ததில் பக்ருன்னிசா ஒன்றைத் தெரிந்துகொண்டாள். பேரைச் சொல்லும் வரைக்கும் எல்லா வீடும் காலிதான். சொன்னதும் வீட்டுக்காரருக்கு எங்கிருந்தோ சொந்தக்காரர்கள் முளைத்துக் குடிவரத் தயாராகிவிடுவார்கள்.

மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவள். உக்கடத்தில் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். ரவிக்கை தைக்கும் கடை பீளமேட்டில் இருந்ததால் அங்கேயே வீடு பார்த்தாள். ஓர் அபார்ட்மெண்டில் மாடிவீட்டின் சொந்தக்காரர் மட்டும் சுற்றி வளைக்கவில்லை. "நாங்க சைவக்காரங்களுக்குத்தானுங்க உடறது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மற்றவர்கள் அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை.

அதே கட்டடத்தில் கீழ்வீடு வேங்கடசாமி என்பவருடையது. அவர் மனைவிக்கு பக்ருன்னிசா தைத்தால்தான் ரவிக்கை தோளில் நிற்கும். அந்த அம்மாள் வற்புறுத்தித்தான் வீடு கிடைத்தது. அடுப்பு, சிலிண்டர், தையல் மெஷின் மூன்றையும் முதல்நாளே கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுநாள் உக்கடத்துச் சாவியை ஒப்படைத்து, மிச்சச் சாமானோடு டெம்போவில் வந்து இறங்கினாள்.

கதவு திறந்திருந்தது. நிலையில் மாவிலை. உள்ளே அவளுடைய அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பட்டுப்புடவை கட்டிய பெண் ஒருத்தி, "வாங்க, பால் குடிங்க" என்று டம்ளரை நீட்டினாள்.

இரண்டு வீட்டுச் சாவியும் வைத்திருந்த புரோக்கர் மாரப்பன் செய்த கூத்து அது. மாடிக்குக் குடிவரும் ராமுலுவுக்குக் கீழ்வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். ராமுலு திருப்பூர்க்காரர், போனில் வீடியோ பார்த்து வீடு பேசியவர். இரண்டு வீடும் அச்சு அசல் ஒன்றுபோல. அடுப்பையும் தையல் மெஷினையும் பார்த்ததும் ஓனர் தாராளமானவர் என்று நினைத்துக்கொண்டாராம்.

"தப்பாப் போச்சுங்க. ஆனா பால் காய்ச்சின ஊட்ட உட்டுப்போட்டு எப்படிங்க போறது?" என்றார் ராமுலு. "இன்னிக்குத்தான் கடைசி முகூர்த்தம். நாளைக்கு ஆடி பொறக்குது."

விஷயம் கேட்டு ஓடிவந்த மாரப்பன் தலையைச் சொறிந்தார். "அக்கா, நீங்க மேல் ஊட்டுக்குப் போயிருங்களேன். உங்களுக்குத்தான் ஆடி கீடியெல்லாம் இல்லீங்களே."

பக்ருன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு ஆடி இல்லீங்க. ஆனா மேல் ஊட்டுக்காரருக்கு நான் ஆகாதுங்களே!"

வேங்கடசாமிக்குப் போன் போட்டார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் அவர் இழுத்தார். "நல்ல காரியம் நடந்துபோச்சு… நீங்களே பேசி முடிச்சுக்கங்க." திரும்பிப் போக உக்கடத்திலும் இனி இடமில்லை. டெம்போக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். பக்ருன்னிசா போய் அடுப்பை அணைத்தாள். அணைத்த கையோடுதான் அந்த யோசனை வந்தது.

"ஏனுங்க, பால் பொங்குனது செவுத்துலயா, அடுப்புலயா?"

"அடுப்புலதானுங்க."

"அப்ப ராசி அடுப்போடதான இருக்கும்? என்ற அடுப்பை எடுத்துக்கிட்டு மேல போங்க. முகூர்த்தம் முடியறதுக்குள்ள அதுலயே இன்னொருக்கா பால வெச்சுப்போடுங்க. உங்க அடுப்ப எனக்குக் குடுத்துருங்க."

ராமுலுவும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்ருன்னிசாவுக்கு மறைத்துப் பேசி வழக்கமில்லை. "ஒண்ணு சொல்லிப்போடறேன். பக்ரீதுக்கு ஆட்டுக்கறி வெந்த அடுப்புங்க இது."

அந்தப் பெண் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாங்களும் திங்கறவங்கதானுங்க. ஓனர்கிட்ட சைவம்னு சொல்லித்தான் ஊடு புடிச்சோம். சொல்லிப்போடாதீங்க அக்கா."

அடுப்பு மாடியேறியது. பெட்டி பிரிக்காத புது அடுப்பு ஒன்று கீழே வந்தது. தன்னை ஏற்காத வீட்டுக்குத் தன் அடுப்பு பூஜை புனஸ்காரத்தோடு குடிபோவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

ஆடி பாதி போனபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடியில் மசாலா வதங்கும் வாசம் மத்தியானமே தெருவரைக்கும் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மாடிவீட்டுச் சொந்தக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வாசத்தை மோந்து பார்த்தார். மாடிப்படியில் கால் வைக்கவில்லை, நேரே பக்ருன்னிசாவின் வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்கம்மா, மேல சைவக்காரங்க குடியிருக்காங்க. கறி ஆக்கறதுன்னா கொஞ்சம் பார்த்து ஆக்கக்கூடாதுங்களா?"

மாடி ஜன்னலில் ராமுலுவின் மனைவி நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. பக்ருன்னிசா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த மாதம் அவர்கள் சாமானோடு தெருவில் நிற்பார்கள். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"சரிங்க, இனிமே ஜன்னலச் சாத்திக்கறேனுங்க" என்றாள்.

அவர் போனதும் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு.