வாங்கோ சொன்ன தொண்டை

மிசிசாகா நகரில் ஒரு மதுக்கூட மேடையில் பாடும்போது மேல்சுரம் வரவில்லை. வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. சளி, தடிமன் என்று நினைத்துச் சமாளித்தேன். தடிமன் மாறியது, மேல்சுரம் திரும்பவில்லை.

தமிழ்ப் பெண் வெள்ளைக்காரரின் கன்ட்ரி இசை பாடுவதா என்று இன்னும் கேட்கிறார்கள். அப்பா லொறி ஓட்டினார். பள்ளி விடுமுறையில் அவர் பக்கத்தில் இருந்து ரேடியோவில் கேட்டுப் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. ஞாயிறு காலை தேவாலயப் பாடகர் குழு, மற்ற நாள்களில் கிற்றாரும் தொப்பியும். அடிக்குரலில் இருந்து மேலே தாவும்போது என் குரல் சட்டென்று உடையும். சனம் அதற்குத்தான் வந்தது. அது இல்லாவிட்டால் நான் தொப்பி போட்ட இன்னொரு பாடகி.

மருத்துவர் மூக்கு வழியாகக் கமெராக் குழாயை விட்டுப் பார்த்தார். பொலிப் (குரல்நாணில் எழும் சிறு சதை) என்றார். வெட்டி எடுத்த பிறகு ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்றும் சொன்னார். மேல்சுரம் வருமா என்று கேட்டேன். நீ எவ்வளவு மௌனமாக இருக்கிறாய் என்பதைப் பொறுத்தது என்றார்.

சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. அதன்பிறகு வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த எங்கள் வீடு நிறைந்தது. தெரிந்த சனமெல்லாம் வருத்தம் பார்க்க, சுகம் விசாரிக்க, ஆப்பிளும் திராட்சையுமாக வந்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பாட்டுக்காரிக்கு எடுப்பு, தலைக்கனம் என்று ஒரு அன்ரி வெளியே போய்ச் சொன்னது அம்மாவின் காதுக்கு வந்தது.

"சத்தம் போடாமல் மெல்லமா ஒரு வாங்கோ சொல்லு பிள்ளை. வீடு தேடி வந்த சனம்" என்றார் அம்மா.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கிசுகிசுத்தேன். வாங்கோ, இருங்கோ, ஓம் அன்ரி, நோவில்லை.

அடுத்த பரிசோதனையில் மருத்துவர் திரையைப் பார்த்தார். யாருடன் பேசினாய் என்று கேட்டார். பேசவில்லை, கிசுகிசுத்தேன் என்று போனில் எழுதிக் காட்டினேன். கிசுகிசுப்பும் குரல்நாணை வருத்தும், புண் வடுவாகிக்கொண்டிருக்கிறது என்றார். பக்கத்தில் இருந்த அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தார்.

அன்று முதல் அம்மா வாசலிலேயே நின்றார். "பிள்ளை கதைக்கமாட்டாள். குறை நினையாதேங்கோ." நினைத்தார்கள். நினைக்கட்டும். குரலை வைத்துப் பிழைக்கும் உங்களுக்கு நான் சொல்வதும் அதுதான். எடுப்புப் பிடித்தவள் என்ற பெயரை வாங்கிக்கொள்ளுங்கள், கதவைப் பூட்டுங்கள்.

குரற்பயிற்சி மாதக்கணக்கில் நடந்தது. பேச்சு வந்தது, பாட்டும் வந்தது. ஆனால் கொஞ்சம் தடித்து, கீழே இறங்கி வந்தது. மறுபடி மேடை ஏறிய இரவு, நிகழ்ச்சி முடிந்து காரில் வரும்போது அம்மா கேட்டார்.

"குரல் உடையிற அந்த இடம் இனி வராதோ?"

"வராதம்மா."

"நான் சொல்லித்தானே வாங்கோ சொன்னனீ."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

எல்லாப் பாட்டையும் சுருதி இறக்கிப் பாடுகிறேன். ஆனால் அந்த இடம் நெருங்கும்போது தொண்டை தானாகவே மேலே எழும்புகிறது. அதற்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. ஒரு மூச்சு நிற்கிறேன். கேட்பவர்களுக்கு அது தாளத்தின் ஓர் இடைவெளி. எனக்கு ஒவ்வொரு இரவும் அது நீண்டுகொண்டே போகிறது.