வலது காதுக்குச் சொந்தக்காரி

தெருவில் நடக்கும்போது கணவருக்கு வலப்பக்கம் யாராவது வந்து ஒட்டிக்கொண்டால் தையல்காரிக்குப் பொறுக்காது. "நீங்க அந்தப் பக்கமா வாங்க" என்று முழங்கையால் ஒதுக்கிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்வாள். கடைக்காரர் விலை சொன்னால் எட்டி, அந்தக் காதருகே ஒருமுறை உரக்கச் சொல்வாள். பதினெட்டு வருடமாக ஊர்ப்பேச்செல்லாம் அவள் வாய் வழியாகத்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இடது காதை நம்புவதற்கில்லை. சின்ன வயதில் சீழ் வைத்துச் செவிப்பறையில் ஓட்டை விழுந்த காது அது. சளி பிடித்தால் ஒழுக ஆரம்பித்துவிடும். வலது காதை லேத் பட்டறை இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பக்கத்தில் போய்க் கத்தினால் கேட்கும்.

காது விஷயத்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவள் காதைக் குடைந்தால் போதும், "ஊசிய வெளிய எடுங்க முதல்ல. அழுக்கு தானா வரும். நீங்க குத்திக் குத்தி உள்ள தள்றீங்க" என்பாள். காதுவலிக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றலாமா என்று கேட்டவளிடம், "உள்ள ஓட்டை இருந்தா? போய் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொன்னபோதும் கத்தரிக்கோல் நிற்கவில்லை. கணவரின் சொட்டு மருந்துக் குப்பியை உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடேற்றுவாள், சில்லென்று விழுந்தால் தலை சுற்றும் என்று. அவர் குளிக்கப் போகும்போது களிம்பு தடவிய பஞ்சோடு குறுக்கே நிற்பாள்.

இத்தனை உழைப்புக்கு அவள் எடுத்துக்கொண்ட கூலியும் உண்டு. நாத்தனார் போனில் பத்து நிமிடம் பேசினால், "அக்கா சௌக்கியமாம்" என்று ரெண்டே வார்த்தையில் முடித்துவிடுவாள். கோபம் வந்தால் அவருடைய இடப்பக்கம் போய் நின்று, முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் முணுமுணுத்துத் தீர்த்துக்கொள்வாள்.

போன மாதம் காது கிளினிக்கில் அவருக்கு ஒரு மிஷின் கொடுத்தார்கள். கடலைப்பருப்பு நிறத்தில், வலது காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம், வேண்டாமென்றால் திருப்பித் தந்துவிடலாம்.

அவள் அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. "சக்களத்தி எந்திரிச்சாச்சா?" என்பாள் காலையில். சிரித்துக்கொண்டே சொன்னாலும் உள்ளே எரிந்தது. இப்போது அவர் அக்காவிடம் தானே பேசுகிறார், கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் சிரிக்கிறார். இடப்பக்கம் நின்று அவள் முணுமுணுத்தால், "என்ன சொன்ன?" என்று திரும்புகிறார். கடையில் அவள் வழக்கம்போல் காதருகே எட்டியபோது, "ஏன் கத்துற? எனக்குத்தான் கேக்குதே" என்றார். எல்லோர் முன்னாலும். அன்று தைத்த சட்டைக் கை கோணிப்போய், பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

மாதக் கெடு முடிந்த அன்று கிளினிக்குக்குப் போனார்கள். மிஷின் விசிலடிக்கிறது, வியர்வை படுகிறது, தூங்கும்போது தொந்தரவு என்று வழியெல்லாம் குறைகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். அங்கே மிஷின்காரப் பெண் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, காது மடலைப் பிடித்து இழுத்து விளக்கடித்துப் பார்த்தாள். தன்னைத் தவிர எவளும் தொட்டிராத காது. தோள் ஒரு பக்கம் அரை அங்குலம் இறக்கம் என்று அந்தப் பெண்ணைக் கண்ணாலேயே அளந்து ஆறுதல் தேடினாள் தையல்காரி.

"ரெண்டு பொத்தான் இருக்கு சார். மேல இருக்கறத அமுக்கினா சத்தம் கூடும், கீழ அமுக்கினா குறையும். உங்களுக்குத் தோதா வச்சுக்கங்க" என்றாள் அந்தப் பெண். பிறகு இவளிடம் திரும்பி, "அக்கா, அவருக்குப் பின்னாடி நின்னு, வீட்ல பேசற மாதிரி ஏதாவது பேசுங்க. கத்த வேணாம்."

மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. கத்தாமல் அவரிடம் பேசி எத்தனையோ வருடமாயிற்று. அந்தக் குரல் இன்னும் இருக்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகம். அவர் முகம் தெரியவில்லை, பிடரி மட்டும் தெரிந்தது. அந்தத் தைரியத்தில் சொன்னாள்.

"இது வேணாங்க. திருப்பிக் குடுத்துடுங்க. நான் இருக்கேன்ல."

அவளுக்கே பாதிதான் கேட்டது. மிஷின்காரப் பெண் மேஜையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். அவர் திரும்பவில்லை. வலது கை மட்டும் மெல்ல எழுந்து காதுக்குப் போயிற்று. கழற்றத்தான் போகிறார் என்று நினைத்தாள். கேட்டது கிடைக்கப்போகிறதே என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

விரல் தடவித் தடவி மேல் பொத்தானைக் கண்டுபிடித்தது. ஒருமுறை அமுக்கினார். இன்னொரு முறை அமுக்கினார். பிறகு, அவள் நின்றிருந்த பக்கமாகத் தலையை மெல்லச் சாய்த்து வைத்துக்கொண்டார்.