அடுத்த கம்பெனியின் டீசல்

எங்கள் டெப்போவுக்கு டீசலும் பெட்ரோலும் மும்பையிலிருந்து குழாய் வழியாக வரும். பூமிக்கடியில் மலையேறி வரும் குழாய். அதைப் பற்றி புனேயில் யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு பெருமழைக் காலத்தில் அது நின்றுபோனது. மும்பைப் பக்கத்தில் எண்ணெயை இந்தப் பக்கம் தள்ளிவிடும் பம்ப் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. அதே மழையில், மும்பைக்கு இறங்கும் மலைப்பாதையான காட் சாலையில் மண் சரிந்தது, ரயில் பாதையும் மூடிக்கொண்டது. மேற்கிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் வர வழியில்லை.

நான் அப்போது ஓர் எண்ணெய்க் கம்பெனியில் இளநிலை அதிகாரி. புனேயின் போபோடியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மட்டும்தான் தமிழ்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கலெக்டர் ஆபீசில் கூட்டம், தன்னால் டெப்போவை விட்டு நகர முடியாது, நீ போய் உட்கார் என்றார். கதவு வரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டு, "நம்ம டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு மட்டும் சொல்லிடாதே" என்றார்.

அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. மூன்று கம்பெனிகளின் டெப்போக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரே குழாயிலிருந்துதான் மூன்றுக்கும் எண்ணெய். ஆனால் மதில்களுக்கு இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

கூட்டத்தை நடத்தியவர் மாவட்ட வழங்கல் அதிகாரி. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய மராத்திக்காரப் பெண்மணி. புடவையின் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. எனக்கு எதிரே மற்ற இரண்டு கம்பெனிக்காரர்கள். ஒருவர் நரைத்த மீசையோடு மூத்தவர். இன்னொருவர் கண்ணாடி போட்டவர், என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்.

"உங்ககிட்ட எவ்வளவு இருக்கு?" என்று மராத்தியில் கேட்டார் அந்த அம்மா.

மூத்தவர், ஹெட் ஆபீசைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கண்ணாடிக்காரர், கணக்கு இன்னும் முடியவில்லை என்றார். நான் என் மேனேஜர் பேசுவார் என்றேன். அந்த அம்மா எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். டீ சொன்னார்.

டீ வருவதற்குள் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர், பதில் எதுவும் சொல்லாமல் ரிசீவரை மூத்தவரிடம் நீட்டினார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறாங்க. நீங்களே பதில் சொல்லுங்க."

மூத்தவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "பார்க்கறேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல ரிசீவரை என் கையில் கொடுத்தார்.

டாக்டரின் குரலில் பதற்றம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மின்சாரம் எப்போது வருகிறது எப்போது போகிறது என்று தெரியவில்லை, ஜெனரேட்டரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்றார். மேல்மாடியில் குறைமாதக் குழந்தைகளைச் சூட்டுப் பெட்டிகளில் வைத்திருக்கிறோம் என்றார். "நாளை சாயங்காலம் வரை டீசல் தாங்கும். எனக்கு விளக்கம் வேண்டாம்மா. வருமா, வராதா? வராது என்றால் இப்போதே குழந்தைகளை வேறு ஊருக்கு மாற்ற வேண்டும்."

நான் போனை வைத்துவிட்டு எங்கள் டேங்கின் நிலவரத்தைச் சொல்லிவிட்டேன். அடியில் கொஞ்சம் இருக்கிறது, அதையும் பம்ப் இழுக்காது என்று. சொன்ன பிறகுதான் மேனேஜர் நினைவுக்கு வந்தார். ஆனால் கண்ணாடிக்காரர் உடனே பேசினார். புனே டெப்போவில் தங்களிடமும் எதுவும் இல்லை, வடக்கே அடுத்த மாவட்டத்தில் இருக்கும் தங்கள் டெப்போவில் டீசல் நிறையவே இருக்கிறது, கொண்டுவர வண்டிதான் இல்லை, வண்டிகள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன என்றார். கடைசியில் மூத்தவரும் வாயைத் திறந்தார். தண்ணீர் வாரியத்துக்கும் ஆம்புலன்ஸ்களுக்கும் இன்றைக்குத் தரும் அளவு மட்டும் தன்னிடம் உண்டு, ஆஸ்பத்திரிக்கு மிஞ்சாது. அதைவிட முக்கியமாக, தன் கம்பெனிக்கு ஓடும் காலி டேங்கர்கள் மும்பை போக வழியில்லாமல் ஆகுர்டி அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கின்றன.

ஒருவரிடம் டீசல், இன்னொருவரிடம் வண்டி. என்னிடம் தருவதற்கு ஒன்றுமே இல்லை.

"ஓட்டறவங்க யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

"எல்லாம் நாமக்கல்காரங்க" என்றார் மூத்தவர்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ மதராசிதானே? போய்ப் பேசு."

கண்ணாடிக்காரரும் நானும் போலீஸ் ஜீப்பில் ஆகுர்டிக்குப் போனோம். டேங்கர்கள் வரிசையாக நின்றிருந்தன. இரண்டு வண்டிகளுக்கு நடுவே தார்ப்பாய் கட்டி, அதன் கீழே ஸ்டவ்வில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போலீசைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துகொண்டார்கள். அவர்களில் வயதான ஓட்டுநரைப் பார்த்து நான் பேசினேன்.

"அண்ணா, ஒரு உதவி கேட்டு வந்திருக்கோம்."

"அட, தமிழுங்களா!" அவர் முகம் மலர்ந்தது. "ஆனா பேச்சு ஒரு தினுசா இருக்குதுங்களே?"

"இங்கயே பொறந்து வளந்ததுண்ணா. சொந்த ஊரு வேலூர் பக்கம்."

"அதானே பாத்தேன். சொல்லுங்க அம்மிணி."

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், பிறகு தலையை ஆட்டினார். "வண்டி ஓட்டத்தானுங்க வந்துருக்கோம், எங்க வேணாப் போலாம். ஆனா இது இந்தக் கம்பெனி வண்டிங்க. அடுத்த கம்பெனி கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. முன்னாடி ஒருக்கா வேற ஊர்ல இப்படித்தான், எல்லாம் பேசியாச்சு போங்கடான்னு அனுப்புனாங்க. அங்க கேட்ல நின்னவனுக்கு ஒண்ணுமே தெரியல. சோறு தண்ணி இல்லாம ரோட்டுல கெடந்தோம். திரும்பி வந்தா, உங்கள யாரு போகச் சொன்னதுன்னு எங்க கம்பெனிலயும் வண்டிய நிறுத்திப்புட்டாங்க. பேசுனவங்கள்ல ஒருத்தரக்கூட அப்பறம் பாக்க முடியலீங்க."

"நான் கூட வரேண்ணா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. "உங்கள உள்ள விடற வரைக்கும் கேட்லயே நிக்கறேன்."

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்டவ்வை அணைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு போன் செய்தேன்.

"இன்னாடி சொல்ற, லாரியில போறியா?" என்று அலறினாள் அம்மா.

"இல்லம்மா, போலீஸ் ஜீப்புல."

"அப்ப சரி" என்றவள், ஒரு கணம் கழித்து, "இன்னாது, போலீஸ் ஜீப்பா?" என்று இன்னும் பெரிதாக அலறினாள்.

மேனேஜரிடமும் நானே சொன்னேன், டேங்க் நிலவரத்தைச் சொல்லிவிட்டதையும் சேர்த்து. "மேலேயும் மூணு கம்பெனிக்காரங்களும் ஒருத்தரோட ஒருத்தர் பேச ஆரம்பிச்சுட்டாங்க. போயிட்டு வா" என்றார். அப்போது மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மீதிப் பாரம் வடக்கே காத்திருந்தது.

பிற்பகலில் அந்த டெப்போவின் வாசலில் போய் நின்றோம். ஓட்டுநர் சொன்னதுபோலவே நடந்தது. காவலாளி கதவைத் திறக்கவில்லை. கண்ணாடிக்காரர் தன் அடையாள அட்டையைக் காட்டினார். அவருடைய சொந்தக் கம்பெனிதான். உள்ளேயிருந்து வந்த பொறுப்பதிகாரி அவரோடு கைகுலுக்கினார், ஆனால் அசையவில்லை. "இந்த வண்டிகளை எங்க ஆளுங்க சோதிச்சதே இல்லை. உள்ளே தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது? எனக்கு மேலேருந்து உத்தரவு வரலை" என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். திரும்பிப் பார்த்தேன். முதல் டேங்கரின் கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஓட்டுநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் செல்போனில் சிக்னல் இல்லை. காவலாளியின் அறையிலிருந்த போனில் வழங்கல் அதிகாரியைப் பிடித்தேன்.

"லைனை வெச்சுடாதே" என்றார்.

மேசையில் ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு போனில் அவர் பேசுவது தூரத்தில் கேட்டது. முதலில் அந்த மாவட்டத்துக் கலெக்டர் ஆபீசோடு. பிறகு மும்பையில் எல்லா எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் பொதுவாக இருந்த ஒருங்கிணைப்பு அதிகாரியோடு. அவருடைய ஆபீசிலும் தண்ணீர் புகுந்து, அவர் வீட்டிலிருந்தே பேசிக்கொண்டிருந்தாராம். "நீங்க பேசுங்க. இல்லை, அப்புறம் இல்லை, இப்பவே. என் பொண்ணு அங்கே கேட்ல நிக்கறா" என்று அந்த அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. யாரைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சிறிது நேரத்தில் உள்ளே போன் அடித்தது. பொறுப்பதிகாரி போய்ப் பேசிவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது. "நிரப்பறேன். ஆனா ஒவ்வொரு வண்டியையும் நானே பார்ப்பேன். ஒண்ணு சரியில்லைன்னாலும் அதை உள்ளே விடமாட்டேன்."

நான் ஓட்டுநரிடம் இதைத் தமிழில் சொன்னேன். "பாக்கட்டுங்க அம்மிணி, நல்லாப் பாக்கட்டும். அதானுங்களே மொறை" என்றார். வண்டியை விட்டு இறங்கும்போது முதல்முறையாகச் சிரித்தார்.

ஒரு டேங்கரின் வால்வில் கசிவு இருந்தது. அதை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதன் ஓட்டுநர் முனகவில்லை, இன்னொரு வண்டியில் ஏறிக்கொண்டார். மற்ற எல்லா வண்டிகளும் இருட்டுவதற்குள் நிரம்பின. அந்தப் பொறுப்பதிகாரியே எங்களுக்குச் சாப்பாடு சொல்லி, தங்கவும் இடம் கொடுத்தார். மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம்.

திரும்பி வந்த வழியை நான் மறக்கவே மாட்டேன். ஒவ்வொரு தாலுகா எல்லையிலும் அடுத்த ஸ்டேஷனின் ஜீப் காத்துக்கொண்டிருந்தது. ஒருவர் கையசைத்து ஒதுங்குவார், இன்னொருவர் முன்னால் போவார். எங்கும் நிற்கவில்லை. புனேயில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்த ஒருவரின் போன் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றியது.

போபோடிக்குள் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. பெட்ரோல் பம்ப் முன்னால் டெம்போக்களும் டீசல் ரிக்ஷாக்களும் தெருமுனை வரை நின்றன. டேங்கரைக் கண்டதும் "ஆலீ ரே, ஆலீ!" என்று கூச்சல் எழுந்தது.

ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னங்க சொல்றாங்க, திட்டறாங்களா?" என்று பக்கத்தில் ஜீப்பில் வந்த என்னைக் கேட்டார்.

"வந்துடுச்சு, வந்துடுச்சுங்கறாங்கண்ணா."

ஆனால் முதல் வண்டி அங்கே நிற்காது என்று தெரிந்ததும் நிஜமாகவே திட்டினார்கள். ஒரு ரிக்ஷாக்காரர் தன் வண்டியைக் குறுக்கே தள்ளி நிறுத்தினார். நான் ஜீப்பிலிருந்து இறங்கி, இது ஆஸ்பத்திரிக்குப் போகிறது, குழந்தைகள் இருக்கிறார்கள், பின்னால் வருவது உங்களுக்கு என்று மராத்தியில் கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்தார். எங்கள் தெருவுக்குப் பின்தெருக்காரர் அவர். "அட, நம்ம மதராசி காக்கா பொண்ணு" என்று சொல்லிவிட்டு ரிக்ஷாவை இழுத்துக்கொண்டார். காக்கா என்றால் மராத்தியில் சித்தப்பா, அப்பாவை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஆஸ்பத்திரிப் பின்வாசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு முன் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்ததே இல்லை. அன்றைக்கு அதைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் ரப்பர் செருப்போடு இறங்கி வந்தார். போனில் கேட்ட குரலைவிட இளையவர். குழாய் மாட்டி டீசல் இறங்க ஆரம்பித்ததும், டேங்கரின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "இவங்கள்லாம் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

"குழந்தைங்க?" என்றேன்.

"எல்லாரும் மேலேதான் இருக்காங்க. யாரையும் மாத்தலை. நீங்க வரும்னு சொன்னீங்களே."

நான் வரும் என்று சொன்னேனா என்று எனக்கு நினைவே இல்லை.

வழங்கல் அதிகாரிக்கு போன் செய்தேன். "ஊத்தியாச்சா?" என்று மட்டும் கேட்டார். ஊத்தியாச்சு என்றேன். நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடம் அவர் ஏதோ சொல்ல, அந்த அறையில் மூத்தவரின் குரலும் சேர்ந்து பலர் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது.

டீசல் எல்லாம் இறங்கிய பிறகு ஓட்டுநர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போனேன். கண்ணாடிக்காரரும் வந்தார். குளித்து எத்தனை நாளாயிற்றோ, எல்லோரும் வாசல் குழாயடியில் வரிசையாக நின்றார்கள். அப்பா சோப்பும் துண்டும் கொண்டுவந்து கொடுத்து, ஒவ்வொருவரிடமும் ஊர் விசாரித்தார். அம்மா பக்கத்து வீட்டு அடுப்பையும் சேர்த்துப் பற்றவைத்து, தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்காரருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் "போதும்" என்ற சொல்லை அன்றைக்குக் கற்றுக்கொண்டார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

இரண்டொரு நாளில் குழாயில் எண்ணெய் வந்தது, காட் சாலையும் திறந்தது. அன்று சாயங்காலம் அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வயதான ஓட்டுநர் சுவரில் சாய்ந்தபடி, தட்டில் பாதித் தோசையோடு தூங்கிப்போனார். அம்மா ஓசைப்படாமல் தட்டை எடுத்துவிட்டு, அவர் தலைக்கடியில் ஒரு தலையணையை வைத்தாள்.