ஓமனா சிஸ்டர் கேட்ட கேள்வி

ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றித் தரையில் அடித்து உடைக்கிற சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சாலைக் கடைத்தெருவின் பின்சந்தில், அப்பாவின் இரும்புக் கடைக்கு மேலே இருந்த எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால், தம்பி கணேசனின் முழங்கால் மறுபடி வீங்கிவிட்டது என்று அர்த்தம். அவனுக்கு ரத்தம் உறையாத நோய். லேசாக இடித்துக்கொண்டாலும் உள்ளுக்குள்ளேயே கசிந்து மூட்டு வீங்கிவிடும். வெளியே கேட்பவர்களிடம் அம்மா அதை "வாயுப்பிடிப்பு" என்பாள். ஏழு வயதுப் பையனுக்கு வாயுப்பிடிப்பா என்று யாரும் கேட்டதில்லை; கேட்க வாயெடுத்தவர்களையும் அம்மாவின் முகம் அடக்கிவிடும்.

பெரிய ஆஸ்பத்திரியில் இந்த நோய்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரே ஒரு நர்ஸ் இருந்தார். ஓமனா சிஸ்டர். அவர் மாதம் ஒருமுறை எங்கள் மாடிப்படி ஏறி வந்து, ஃப்ரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மருந்தைப் பார்த்து, தம்பியின் காலை நீட்டி மடக்கி, ஊசி போட அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றார். சம்பளம் வாங்குகிறவள் எதற்கு வீடு தேடி வரவேண்டும்? இதுதான் எங்கள் வீட்டின் தீராத சந்தேகம். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, மருந்துக் கம்பெனிக்காரன் "கமிஷன்" கொடுக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். நோயை மறைக்க அக்கம்பக்கத்தில் நாங்கள் சொல்லிவைத்த கதையில் சிஸ்டர் ஒரு "தையல்கார சேச்சி". அதற்காகவே அம்மா இரண்டு ரவிக்கைத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள்.

அம்மாவின் சந்தேகம் மட்டும் வேறு மாதிரியானது. முதல் நாளே சிஸ்டர் தன் மலையாளம் கலந்த தமிழில், "சேச்சி, அம்மா வழியில ஆண்பிள்ளைகளுக்கு ஆருக்கெங்கிலும் இது உண்டோ?" என்று கேட்டார். "இல்ல" என்றாள் அம்மா, கேள்வி முடியும் முன்பே. சிஸ்டர் வற்புறுத்தவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார். இந்த நோய் தாய் வழியாகத்தான் ஆண்பிள்ளைக்கு வரும், பெண்பிள்ளை அதைச் சுமந்து கடத்துவாள் என்பதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. அவர் போன பிறகு அம்மா சொன்னாள்: "அவ பார்வையே சரியில்லட்டி. நோண்டி நோண்டிக் கேக்கா. நீ ஒண்ணும் சொல்லிராத, கேட்டியா."

எனக்குச் சொல்வதற்கு என்ன தெரியும்? ஏதோ இருக்கிறது என்பது மட்டும் அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

அது என்ன என்று தெரிந்தது தம்பிக்குப் பால்பல் விழுந்த அன்று. காலையில் தொடங்கிய கசிவு மத்தியானமாகியும் நிற்கவில்லை. நான் அவன் வாயில் துணியை அழுத்திக்கொண்டிருந்தேன். மாற்ற மாற்ற நனைந்தது. அப்பா சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தார். எதற்கும் அசையாத அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். சிஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கியதும் அம்மா அத்தையை ஐஸ் வாங்கி வர அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"எந்தம்பி இப்படித்தான் சிஸ்டர் போனான். பல்லு விழுந்து, ரெண்டு நாளா ரத்தம் நிக்காம. இந்த வீட்டுல தெரிஞ்சா என்னை வச்சிருக்க மாட்டாங்க."

சிஸ்டர் தம்பியின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டே, "எனக்கு அறியாம் சேச்சி. ஞான் ஆரோடும் பறயில்லா" என்றார். அவருக்கு முன்பே தெரியுமாம், யாரிடமும் சொல்லமாட்டாராம். மருந்து ஏறி, கசிவு நின்றது. அத்தை ஐஸோடு வந்தபோது அம்மா முகம் கழுவியிருந்தாள்.

நன்றி பெருகி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு பல மாதம், சிஸ்டர் வந்து போன ஒவ்வொரு முறையும், சொல்லியிருப்பாரோ என்று அம்மா அத்தையின் முகத்தையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தைக்குக் கடைசிவரை எதுவும் தெரியவில்லை. ஊசி போட மட்டும் அம்மா கற்றுக்கொண்டாள். சிஸ்டர் மாற்றலாகிப் போனார். அந்த வேலைக்கு அப்புறம் யாரும் வரவில்லை. "நல்லதாப் போச்சு" என்றுதான் அம்மா அன்று சொன்னாள்.

தம்பி இப்போது அந்தக் கடையை நடத்துகிறான், ஒரு கால் சற்று மடங்காது. எனக்கு ஒரு மகன், அவனுக்கும் இதே நோய். கல்யாணத்துக்கு முன்பே என் கணவரிடம் சொல்லியிருந்தேன். அதற்காக அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. இன்று மருந்து தாராளமாகக் கிடைக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு ஆள்தான் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஒரு புது நர்ஸ். யாரிடம் எதைச் சொன்னோம், அது எங்கே போகும் என்று நானும் இப்போது கணக்குப் பார்க்கிறேன்.

போன மாதம் அம்மாவும் கூட வந்திருந்தாள். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே ஒரு சின்னப் பெண், பெஞ்சிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அம்மா வழியில் யாருக்காவது உண்டா என்றாள். தம்பிக்கு உண்டு, மாமாவுக்கு இருந்தது, சின்ன வயதிலேயே போய்விட்டார் என்றேன். பெஞ்சு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கிழக்கேகோட்டையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது அம்மா கேட்டாள்:

"அந்த ஓமனாகிட்ட ஒரு தடவ சொன்னது போதும்னு இருந்துச்சு. இனி வாரவ போறவகிட்டல்லாம் எந்தம்பி செத்தத சொல்லணுமாட்டி?"