எதையும் கேட்காத தவக்காலம்

தவக்காலத்து முதல் ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார் சொன்னார்: “கறிய விட்டேன், மீன விட்டேன்னு வராதீங்க. விட முடியாத ஒண்ண விடுங்க.” நான் டீயை விட்டேன், அதற்கே தலை சுற்றியது. பக்கத்து வீட்டு அக்கா, கேட்பதை விட்டார். ஈஸ்டர் வரைக்கும் ஆண்டவரிடம் எதையும் கேட்பதில்லை, நன்றி மட்டும் சொல்வது என்று.

“கேட்டுக் கேட்டு அவருக்கும் காது வலிச்சிருக்கும் கண்ணு. கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும்.”

மலையில் வெள்ளக்கடைக் கிராமத்துப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. மகள் நர்சிங் படிப்பது அதை நம்பித்தான். அந்த வருஷம் கொப்பெல்லாம் மொட்டு, சின்னச் சின்ன மெழுகுதிரிகள் போல. ஒரு நல்ல மழை விழுந்தால் பூக்கும், விழாவிட்டால் கருகும். மழை வரவில்லை. கோயிலில் தவக்கால வழக்கப்படி புனிதர் சுரூபங்களுக்கு ஊதாத் துணி போர்த்தினார்கள். வெளியே மலைக்குப் பனி போர்த்தியது. இலையை நனைத்துவிட்டு, மண்ணைத் தொடாமல் கலைந்தது.

கீழ்க்காட்டு விவசாயி ஒருநாள் வேலியோரம் வந்தார். “ஏனுங்கம்மா, உங்க சாமிகிட்ட மழைக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா?”

“இப்ப வாயக் கட்டியிருக்கேனுங்க.”

“அது சரி! அப்ப உங்க பங்குக்கும் எங்க மலைச்சாமி சேர்வராயன்கிட்ட நானே சொல்லிக்கறேனுங்க. அங்க தடை ஒண்ணுமில்ல.”

அக்கா சிரித்தார். விரல் மட்டும் ஒரு மொட்டைத் தடவிக்கொண்டே இருந்தது.

பெரிய வெள்ளியன்று எஸ்டேட் பாதையில் சிலுவைப்பாதை. இயேசு இரண்டாம் முறை விழும் ஏழாம் நிலையில் முழங்காலிட்டிருந்தோம். எதிர்ச் சரிவில் மழைச் சத்தம். துக்க நாள் என்பதை மறந்து எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. வெள்ளைத் திரையாக நின்று பெய்தது மழை. பள்ளத்தைத் தாண்டி வரவில்லை. மண்வாசனை மட்டும் வந்து, எங்கள் நடுவே கனவுபோல் உலாவிவிட்டுப் போனது. அக்கா திரும்பவில்லை. உதடு அசைந்தது. மழை கேட்டுவிட்டார் போல என்று காதைச் சாய்த்தேன்.

“அவங்களுக்காவது பேயுதே. நன்றி சாமி.”

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன நன்றி அது.

ஈஸ்டர் காலை. தவக்காலம் முழுக்கப் பாடாத அல்லேலூயா தட்டுத் தடுமாறித் திரும்பி வந்தது. பூசை முடிந்து எல்லாரும் வெளியே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்க, அக்கா மட்டும் முழங்காலில். வெயில் பீடத்துப் படிவரை ஏறிய பிறகுதான் எழுந்து வந்தார்.

“கேட்டீங்களாக்கா?”

“மழை கேட்டேன். அப்புறம் சேந்து கெடந்ததயெல்லாம் ஒண்ணுவிடாமக் கேட்டேன். உன்ற முட்டிவலியக்கூட விடல.”

செவ்வாய்க்கிழமை மழை வந்தது. பாதி மொட்டுக்கு அது பிந்திப் போயிருந்தது. அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போனோம். ஒரே செடியில் கருகிய கொப்பும் வெள்ளை வெளேரென்ற கொப்பும். தேனீக்களின் ரீங்காரத்தில் கண் சொருகியது.

“பாதிதானேக்கா,” என்றேன்.

“மீதிக்கு எஸ்டேட்டுல கூலிக்குப் போறேன் கண்ணு. புள்ள படிப்பு நிக்காது.”

சொல்லிவிட்டு, ஒரு பூவும் உதிர்ந்துவிடாதபடி புடவையைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, செடிகளுக்கு நடுவே மெல்ல நடந்தார்.